சாரதிக் கூட்டுக்கு ஒளிபுகும் பிளாஸ்ரிக் யன்னல்

உழவு இயந்திரம், அறுவடை இயந்திரம், மரக்கறி ஏற்றும் சிறு லொறி ஆகியவற்றில் உடைந்த பக்கக் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் பதிலாகப் பிளாஸ்ரிக் தகடு பொருத்தும் முறை

முன்னுரை

உழவு இயந்திரம் இன்று கமக்காரரின் வலது கை போன்றது. இரணைமடுக் குளத்தின் கீழாயினும், மன்னார்க் கட்டுக்கரைக் குளத்தின் கீழாயினும், மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்தின் கீழாயினும், மழை விழுந்தவுடன் எல்லாரும் ஒரே காலத்தில் உழவு தொடங்குகின்றனர். அக்காலத்தில் இயந்திரம் ஒரு நாளேனும் நின்றுவிடுதல் கூடாது. ஆதலாற் சாரதிக் கூட்டின் ஒரு கண்ணாடி உடைந்துவிட்டால், அதனைத் திருத்துவதற்கென இயந்திரத்தை நகரத்துக்குக் கொண்டுசெல்வோர் சிலரே. பலர் அவ்விடத்தை வெறுமையாகவே விட்டுவிடுவர். அல்லது உரச்சாக்கினால் மறைத்துக் கட்டுவர். அல்லது வீட்டு யன்னலுக்கு வாங்கும் சாதாரண கண்ணாடியை வெட்டிப் பொருத்துவர்.

இம்மூன்று வழிகளும் நல்லனவல்ல. வெறுமையாக விட்டால் மழையும் வைக்கோல் தூசும் சாரதியின் கண்ணில் வீழும். சாக்குக் கட்டினாற் பின்னே நிற்பவர் தெரியார். சாதாரண கண்ணாடி மீண்டும் உடையும். உடைந்தால் அதன் தீமை சாரதியோடு நின்றுவிடாது, வயலுக்கும் செல்லும். இவற்றுக்கு மாறாக, ஒளிபுகும் பிளாஸ்ரிக் தகட்டை முறைப்படி பொருத்துதல் கமக்காரர் தம் கையாலேயே செய்யக்கூடிய வேலையாகும். முறை தவறிச் செய்யின் அத்தகடு சில நாட்களிலேயே வெடித்துவிடும். அம்முறையை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

வயலில் வீழும் கண்ணாடித் துண்டு

தொழிற்சாலையில் வாகனத்துக்கெனச் செய்யப்படும் பக்கக் கண்ணாடி பெரும்பாலும் வெப்பத்தினாற் பதப்படுத்தப்பட்டது. அது உடையும்போது மழுங்கிய சிறு மணிகளாக உதிரும். வீட்டு யன்னற் கண்ணாடியோ கத்தி போன்ற நீண்ட துண்டுகளாகப் பிளக்கும். இரண்டும் கண்ணாடியே என எண்ணி ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பொருத்துவது பெரும் தவறு.

சுழற்கலப்பை எறியும் கல், இழுவைப் பெட்டியிலிருந்து சரியும் கம்பு, வரம்பிற் சக்கரம் ஏறி இறங்கும்போது ஏற்படும் அதிர்ச்சி ஆகிய எதனாலும் பின்கண்ணாடி உடையலாம். உடைந்த துண்டுகள் சேற்றில் வீழ்ந்தாற் கண்ணுக்குத் தெரியா. அடுத்த உழவில் அவை மண்ணோடு கலந்து வயலெங்கும் பரவும். பின்னர் நாற்று நடுவோரும், களை பிடுங்குவோரும், நீர் கட்டுவோரும் வெறுங்காலுடன் அவ்வயலில் இறங்குவர். அவர்களின் பாதத்தில் ஏற்படும் வெட்டு சிறிதாயினும் அதன் விளைவு சிறிதன்று.

எலிக்காய்ச்சல் எனப்படும் நோயின் கிருமி, எலி, மாடு முதலியவற்றின் சிறுநீரோடு வயல் நீரிற் கலந்து, காலிலுள்ள வெட்டுக்காயத்தின் வழியாக உடலினுட் புகும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோய் என ஐயுற்று அறிவிக்கப்பட்டோர் தொகை 7,000க்கு மேற்பட்டது. நெல்வயலில் வேலை செய்வோரே இந்நோய்க்கு முதலில் இலக்காகின்றனர். எனவே வயலிற் கால் வெட்டுப்பட்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டுச் சுத்தமான நீராற் கழுவி, அது ஆறும்வரை சேற்றில் இறங்காதிருத்தல் வேண்டும். ஏற்புவலி ஊசி பற்றி வைத்தியசாலையிலும், எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் விசாரித்தல் நன்று. காய்ச்சல் கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று, தாம் வயலில் வேலை செய்பவர் என்பதைத் தவறாது கூறல் வேண்டும்.

மரக்கறிச் செய்கையாளருக்கும் இதே கவலை உண்டு. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் போன்ற சந்தைகளுக்குச் செல்லும் சிறு லொறியில், பின்னே அடுக்கிய பெட்டி சரிந்து கூட்டின் பின்கண்ணாடியை உடைப்பதுண்டு. அத்துண்டுகள் கத்தரிக்காயிலும் போஞ்சியிலும் வீழ்ந்தால் அச்சுமை முழுவதையும் ஒதுக்கிவிடுவதே நேர்மையாகும்.

எந்தத் தகடு ஏற்றது?

கடைகளில் ஒளிபுகும் தகடுகள் மூவகையாகக் கிடைக்கும். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும் குணத்தில் அவை வேறுபட்டவை.

1. அக்கிரிலிக். பேர்ஸ்பெக்ஸ் என்ற பெயரால் இதனைப் பலர் அறிவர். 1930ஆம் ஆண்டுகளில் விற்பனைக்கு வந்து, இரண்டாம் உலக யுத்தத்தில் ஆகாய விமானங்களின் யன்னல்களுக்குப் பயன்பட்டது. கண்ணாடிக்கு நிகரான தெளிவுடையது; வெயிலில் எளிதில் மஞ்சளாகாது; கீறலையும் ஓரளவு தாங்கும். ஆயினும் பலத்த அடி பட்டால் உடையும். தீயும் எளிதிற் பற்றும்.

2. பொலிகாபனேற்று. 1953ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்டது. அடியைத் தாங்குவதில் அக்கிரிலிக்கிலும் கண்ணாடியிலும் பன்மடங்கு மேலானது. கல் பட்டாற் குழி விழுமேயன்றிப் பெரும்பாலும் உடையாது. ஆனால் விரைவிற் கீறுபடும். பெற்றோல், தின்னர் போன்றவை பட்டாற் கெடும். வெயிலின் ஊதாக்கடந்த கதிரைத் தடுக்கும் பூச்சு இல்லாத தகடு சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பலமிழக்கும்.

3. மென்மையான பி.வி.சி. தாள். சுருட்டக்கூடியது. இது யன்னலுக்குரியதன்று, திரையாகத் தொங்கவிடுதற்கே ஏற்றது.

கல்லும் கம்பும் படக்கூடிய பின்பக்கத்துக்கும் பக்கக் கதவுக்கும், ஊதாக்கடந்த கதிர்ப் பூச்சுள்ள பொலிகாபனேற்றுத் தகடே சிறந்தது. அடிபடாத மேற்பகுதிச் சிறு யன்னலுக்கு அக்கிரிலிக் போதும். இரண்டு அடிக்கு மேற்படாத யன்னலுக்கு 4 மில்லிமீற்றர்த் தடிப்பும், அதனிலும் பெரியதற்கு 5 அல்லது 6 மில்லிமீற்றர்த் தடிப்பும் கொள்ளலாம். தடிப்புக் குறைந்த தகடு இயந்திரத்தின் அதிர்ச்சியில் ஓயாது நடுங்கி ஆணித்துளைகளிற் பிளவுபடும். கூரைக்கெனச் செய்யப்படும் உட்குழிவான இரட்டைத் தகட்டை வாங்குதல் கூடாது. அதனூடாக ஒளி வரும், உருவம் தெரியாது.

பாரத்தைப் பொறுத்தவரையிலும் நன்மையுண்டு. 4 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள ஒரு சதுர மீற்றர்க் கண்ணாடி 10 கிலோகிராம் நிறையுடையது. அதே அளவான பொலிகாபனேற்று 4.8 கிலோகிராமே நிற்கும். ஆதலாற் பழைய பிணைச்சலும் கதவும் இலகுவில் அதனைத் தாங்கும்.

பொருத்தத் தகாத இடங்கள்

சாரதியின் முன்னேயுள்ள பெரிய கண்ணாடிக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் பொருத்துதல் ஆகாது. மழை துடைப்பான் அதன்மேல் ஓடினால் ஒரு மாரிகாலத்திலேயே தகடு மங்கிவிடும். இரவில் எதிரே வரும் வாகனத்தின் விளக்கு அக்கீறல்களிற் பட்டுச் சிதறி, வீதியே தெரியாதவாறு ஒளிரும். வீதியிற் செல்லும் வாகனத்தின் முன்கண்ணாடி அதற்குரிய பாதுகாப்புக் கண்ணாடியாகவே இருத்தல் வேண்டும்.

புகைக்குழாயின் அருகிலும் தகடு பொருத்துதல் கூடாது. அக்கிரிலிக் ஏறக்குறைய 100 பாகை செல்சியஸிலும், பொலிகாபனேற்று 150 பாகை அளவிலும் இளகும். அறுவடைக் காலத்தில் வைக்கோலும் பதரும் இயந்திரத்தின் இடுக்குகளிற் சேர்ந்து சூடேறித் தீப்பிடிப்பதுண்டு என்பதையும் மறத்தலாகாது.

உழவு இயந்திரம் கவிழ்ந்தாற் சாரதியைக் காக்கும் இரும்புச் சட்டம் சில இயந்திரங்களில் உண்டு. அச்சட்டத்தின் தூண்களில் துளையிடுதலும் ஒட்டு வைத்தலும் உயிருக்கு ஆபத்தானவை. ஒரு துளை அத்தூணின் பலத்தைக் குறைத்துவிடும். யன்னலுக்கெனத் தனியாகக் கோண இரும்புச் சட்டமொன்று செய்து, அதனைப் பாதுகாப்புத் தூணோடு வளையப் பட்டியாற் பிணைத்தலே தக்கது.

நான்கு பக்கத்தையும் நிரந்தரமாக அடைத்துவிடுதலும் கூடாது. வாகனம் வாய்க்காலிற் சரிந்து கதவு திறவாதுபோனால், இலகுவில் உடையாத அதே தகடு சாரதியைச் சிறைப்படுத்திவிடும். கண்ணாடியை உடைத்து வெளியேறலாம். பொலிகாபனேற்றை அவ்வாறு உடைத்தல் அரிது. எனவே ஒரு தகடாவது பிணைச்சலில் வெளிநோக்கித் திறக்கத்தக்கதாய், உள்ளேயிருந்து கையாற் கழற்றக்கூடிய கொளுக்கியுடையதாய் அமைதல் வேண்டும்.

அளவெடுத்தல்

பிளாஸ்ரிக் தகட்டின் மிக முக்கியமான இயல்பு யாதெனில், வெப்பத்தால் அது இரும்பைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு விரிவதாகும். விடியற்காலையில் 25 பாகையிலுள்ள தகடு, நண்பகல் வெயிலில் 60 பாகை வரை சூடேறலாம். அவ்வேற்றத்தில் ஒரு மீற்றர் நீளமான தகடு ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர் நீளும். அதனைத் தாங்கும் இரும்புச் சட்டம் அரை மில்லிமீற்றர்கூட நீளாது. இந்த 2 மில்லிமீற்றர் வேறுபாட்டுக்கு இடம் விடாமையே பெரும்பாலான தகடுகள் வெடிப்பதற்குக் காரணமாகும். காலையில் இறுக்கமாகப் பூட்டிய தகடு மதியம் வளைந்து புடைக்கும்; மாலையிற் சுருங்கும்; சில கிழமைகளில் ஆணித்துளையிலிருந்து மூலைநோக்கி ஒரு வெடிப்பு ஓடும். கமக்காரர் தகட்டைக் குறை கூறுவர். குறையோ பூட்டிய முறையில் உள்ளது.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். பின் யன்னலின் திறந்த வெளி 900 மில்லிமீற்றர் அகலமும் 600 மில்லிமீற்றர் உயரமும் உடையது எனக் கொள்க. சட்டம் ஒன்றரை அங்குலக் கோண இரும்பு. அஃதாவது 38 மில்லிமீற்றர் அகலம். தகடு ஒவ்வொரு பக்கத்திலும் 35 மில்லிமீற்றர் சட்டத்தின்மேற் படியுமாறு கொண்டால், வெட்டவேண்டிய அளவு 970க்கு 670 மில்லிமீற்றர் ஆகும். தகட்டின் ஓரத்துக்கு வெளியே எதுவும் முட்டாதவாறு 3 மில்லிமீற்றராவது வெறுமையாக இருத்தல் வேண்டும்.

ஆணித்துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து 20 மில்லிமீற்றர் உள்ளே இருக்கட்டும். அவ்வாறாயின் நீளப்பக்கத்தில் மூலைத்துளைகளுக்கு இடையே 930 மில்லிமீற்றர் வரும். அதனை நான்காகப் பிரித்தால் இரு துளைகளுக்கிடையே 232.5 மில்லிமீற்றர். குறுகிய பக்கத்தில் 630 மில்லிமீற்றர். மூன்றாகப் பிரித்தால் 210 மில்லிமீற்றர். இவ்வாறு நீளப்பக்கத்துக்கு ஐந்தும் குறுகிய பக்கத்துக்கு நான்குமாக, மூலைகளை ஒருமுறையே எண்ணினால், மொத்தம் 14 ஆணிகள் போதும். துளைகளுக்கிடையே 250 மில்லிமீற்றருக்கு மேற்படாதிருத்தல் நன்று.

சட்டம் சதுரமாயில்லாது கோணியிருந்தாற் காட்போட் மட்டையில் முதலில் மாதிரி வெட்டிப் பொருத்திப் பார்த்துப் பின்னரே தகட்டில் அளவு குறித்தல் வேண்டும். மட்டை வீணானால் நட்டம் சிறிது. தகடு வீணானால் நட்டம் பெரிது.

வெட்டுதலும் துளையிடுதலும்

தேவையான கருவிகள்: அங்குலத்துக்கு 24 அல்லது 32 பற்களுள்ள இரும்பு வாள், நுண்ணிய அரம், துளைபொறி, 10 மில்லிமீற்றர்த் துளையூசி, இரண்டு நேரான பலகைகள், இறுக்கிகள், மென்மையான பென்சில்.

தகட்டின் இரு முகத்திலும் ஒட்டியிருக்கும் காப்புத்தாளை வேலை முடியும்வரை உரித்தல் கூடாது. அத்தாளின்மேலேயே கோடு வரையலாம். எந்த முகம் வெளியே நிற்கவேண்டும் என்பது தாளில் அச்சிடப்பட்டிருக்கும். தாளை உரித்தபின் எம்முகம் எதுவென அறிய இயலாது. ஆதலால் முன்னரே அடையாளம் இடுதல் அவசியம்.

தகட்டை இரு பலகைகளுக்கிடையே வைத்து இறுக்கி, கோடு பலகை ஓரத்துக்கு அண்மையில் நிற்குமாறு அமைத்து மெதுவாக அறுத்தல் வேண்டும். தகடு நடுங்கினால் ஓரம் சிதறும். விரைந்து அறுத்தாற் சூட்டினாற் பிளாஸ்ரிக் இளகி வாளின் பல்லிற் பிடிக்கும். அறுத்த ஓரத்தை அரத்தால் மட்டமாக்கி, நான்கு மூலைகளையும் சற்று வட்டமாகத் தேய்த்துவிடல் வேண்டும். ஓரத்தில் விடப்பட்ட ஒரு சிறு கீறலே பின்னர் பெரும் வெடிப்பின் தொடக்கமாகும்.

6 மில்லிமீற்றர் ஆணிக்குத் தகட்டிற் போடும் துளை 10 மில்லிமீற்றராக இருத்தல் வேண்டும். இரும்புச் சட்டத்தில் ஆறரை மில்லிமீற்றர் போதும். தகட்டுத் துளை பெரிதாக இருப்பது தவறன்று. விரிவுக்கு வழி விடுவதற்கே அது பெரிதாக்கப்படுகின்றது. துளையின் கீழ் மரத்துண்டு வைத்து, குறைந்த வேகத்தில், அழுத்தாமல் துளைத்தல் வேண்டும். இரும்பு துளைக்கும் கூரிய ஊசி பிளாஸ்ரிக்கைப் பற்றியிழுத்து உடைக்கக்கூடும். ஊசியின் வெட்டும் விளிம்பைச் சாணைக்கல்லிற் சிறிது மழுக்கிக்கொண்டால் அது சுரண்டிச் செல்லும். சூடேறினாற் சிறிது நீர் விடலாம். எண்ணெய் விடுதல் கூடாது. இவ்வேலைகளைச் செய்யும்போது கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிதல் அவசியம்.

பொருத்துதல்

முதலில் இரும்புச் சட்டத்தின் துருவைச் சுரண்டி நிறந்தீட்டி, நிறம் நன்கு உலர இரண்டொரு நாள் விடல் வேண்டும். ஈரமான நிறத்தின் ஆவி பொலிகாபனேற்றைக் கெடுக்கும்.

தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே றப்பர்ப் பட்டி வைத்தல் வேண்டும். கதவு, யன்னல்களுக்கென விற்கப்படும் கறுப்பு ஈ.பி.டி.எம். றப்பர் இதற்குச் சிறந்தது. மென்மையான பி.வி.சி. குழாயைப் பிளந்து வைப்பது பலரின் வழக்கம். அதிலிருந்து கசியும் நெய்ப்பொருள் பொலிகாபனேற்றில் மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்கும். எண்ணெய் ஊறிய பழைய ரியூப்பும் அவ்வாறே தீமை செய்யும்.

பின்னர்ச் செய்யவேண்டியவை வருமாறு:

அ. தகட்டின் சுற்றோரத்தில் 50 மில்லிமீற்றர் அளவுக்கு மட்டும் காப்புத்தாளை உரித்துவிடுக. தாள் ஆணியின் கீழ் அகப்பட்டாற் பின்னர் எடுக்க முடியாது.

ஆ. தகட்டைச் சட்டத்தின்மேல் வைத்து, ஒவ்வொரு ஆணியும் துளையின் நடுவில் நிற்குமாறு சரிசெய்க.

இ. ஆணித்தலையின் கீழ் 25 மில்லிமீற்றர் அகலமான இரும்பு வாசரும், அதன்கீழ் றப்பர் வாசரும் இடுக.

ஈ. எல்லா நட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் பூட்டுக. பின்னர் நடுவிலிருந்து மூலைநோக்கி ஒவ்வொன்றையும் அரைச் சுற்று மாத்திரம் இறுக்குக. றப்பர் பிதுங்கினால் இறுக்கம் மிகுந்தது என அறிக.

உ. இவ்வாறு தளர்வாகப் பூட்டிய நட்டு அதிர்ச்சியிற் கழன்றுவிடும். ஆகவே இரண்டாவது நட்டு ஒன்றை மேலே வைத்துப் பூட்டுக. அல்லது உள்ளே நைலோன் வளையமுள்ள நட்டை உபயோகிக்குக.

ஊ. மீதிக் காப்புத்தாளை அன்றே உரித்துவிடுக. வெயிலிற் கிடந்தால் அது தகட்டோடு ஒட்டிவிடும்.

சரியாகப் பூட்டப்பட்ட தகடு, உள்ளங்கையை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினாற் சற்றே அசையும், தட்டினாற் கடகடக்காது. இதுவே சோதனை.

மழைநீர் புகாதிருக்கச் சிலிக்கோன் பூசுவதாயின், புளிக்காடி மணமுள்ள வகையைத் தவிர்த்து, பொலிகாபனேற்றுக்கு ஏற்றதெனக் குறிக்கப்பட்ட நடுநிலை வகையை வாங்குதல் வேண்டும். வளைந்த சட்டத்துக்குத் தகட்டை வளைக்க நேரின், பொலிகாபனேற்றை அதன் தடிப்பின் நூறு மடங்கு ஆரைக்குக் குறையாமல் வளைக்கலாம். 4 மில்லிமீற்றர்த் தகட்டுக்கு அது 400 மில்லிமீற்றர். அக்கிரிலிக்கை அவ்வாறு வளைக்க முயலுதல் கூடாது.

கூடில்லாத இயந்திரத்துக்குத் திரை

மேற்கூரை மட்டும் உள்ள உழவு இயந்திரத்துக்கு மென்மையான பி.வி.சி. தாளைப் பின்னும் பக்கமும் சுருட்டித் தொங்கவிடலாம். தாளின் விளிம்பிற் கன்வஸ் பட்டி வைத்துத் தைத்து, கீழே ஒரு மரச்சட்டம் கோத்தாற் காற்றில் அடியாது. அம்மரச்சட்டம் சக்கரத்திலும் பின் அச்சாணியிலும் சிக்காத உயரத்தில் நிற்றல் வேண்டும். ஈரத்தோடு சுருட்டினாற் பூஞ்சணம் பிடித்து மங்கும். உலர்த்திய பின்னரே சுருட்டுக. இத்தாளினூடே உருவம் நெளிந்து தெரியுமாதலால், வீதியில் ஓடும்போது பக்கத் திரையைச் சுருட்டிக் கட்டிவிடுதல் வேண்டும்.

காற்றோட்டமும் கிருமிநாசினியும்

வரண்ட பிரதேசத்து வெயிலில் அடைத்த கூடு விரைவிற் சூடேறும். தகடு ஒளியை விடுவது போலச் சூட்டையும் உள்ளே விடும். பின்தகட்டின் மேல் மூன்று அங்குல இடைவெளி விட்டு, அதற்கு மேல் மழைத்தடுப்புத் தகரம் ஒன்று வைத்தாற் காற்று நடமாடும். புகைக்குழாயில் ஓட்டை இருப்பின் யன்னல் அடைக்குமுன் அதனைத் திருத்துதல் அவசியம். திறந்த கூட்டிற் கலைந்துபோகும் நச்சுப்புகை, அடைத்த கூட்டிற் சாரதியை மயக்கிவிடும்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் நீக்குதல் வேண்டும். யன்னல் பூட்டிய கூட்டுக்குள் இருப்பதாற் கிருமிநாசினி தம்மைத் தீண்டாது எனச் சிலர் நம்புகின்றனர். இத்தகடு துளியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. இடுக்கு வழியே புகுந்த நஞ்சு கூட்டினுள் தங்கி நிற்கும். ஆகையால் மருந்து விசிறும்போது முகக்கவசமும் கையுறையும் முழு உடையும் வழக்கம்போல அணிதல் வேண்டும். எண்ணெய்க் கரைசலாக வரும் மருந்துகள் தகட்டையும் கெடுக்குமாதலால், பட்டவுடன் நீராற் கழுவிவிடுக.

பராமரிப்பு

நெல்லின் உமியிலும் தாளிலும் மணலின் கூறாகிய சிலிக்கா உண்டு. ஆதலால் அறுவடைத் தூசு படிந்த தகட்டை உலர்ந்த துணியாற் துடைப்பது அரத்தாற் தேய்ப்பதற்கு ஒப்பாகும். முதலில் நிறைந்த நீரை ஊற்றிச் சேற்றையும் தூசையும் கரைத்தோடச் செய்து, பின்னர் மென்மையான பருத்தித் துணியில் இலேசான சவர்க்கார நீர் தோய்த்துத் துடைத்து, மீண்டும் நல்ல நீராற் கழுவுதல் வேண்டும். தும்பு, சாம்பல், வைக்கோல், கடதாசி ஆகியவற்றாற் தேய்த்தல் ஆகாது. பெற்றோல், தின்னர், அசற்றோன், அமோனியா சேர்ந்த கண்ணாடி கழுவும் திரவம் ஆகிய எதுவும் தகட்டிற் படுதல் கூடாது.

ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் ஆணித்துளைகளைச் சுற்றிப் பார்த்தல் நன்று. மயிரிழை போன்ற வெடிப்புக் காணப்படின் இறுக்கத்தைத் தளர்த்துக. வெடிப்பு விரலகலத்துக்கு மேல் நீண்டுவிட்டாலோ, தகடு மஞ்சளாகி மங்கிவிட்டாலோ அதனை மாற்றுதல் வேண்டும். பின்னே நிற்கும் பிள்ளையைத் தெளிவாகக் காட்டாத யன்னல், யன்னல் இல்லாமையிலும் தீயது; ஏனெனிற் சாரதி தமக்குத் தெரிகின்றது என எண்ணிப் பின்னே செலுத்துவார்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை வரம்பில் எறிதலும் எரித்தலும் தகா. பெரிய துண்டுகளை நாற்றுமேடைப் பெட்டிகளுக்கு மூடியாகப் பயன்படுத்தலாம். ஏனையவற்றைக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்குக.

நினைவில் வைக்கவேண்டியவை

1. வீட்டு யன்னற் கண்ணாடியை வாகனத்திற் பொருத்தாதீர்.
2. முன்கண்ணாடிக்குப் பிளாஸ்ரிக் ஆகாது.
3. பின்னுக்கும் பக்கத்துக்கும் ஊதாக்கடந்த கதிர்ப் பூச்சுள்ள பொலிகாபனேற்றே சிறந்தது. பூச்சுள்ள முகம் வெளியே நிற்கட்டும்.
4. 6 மில்லிமீற்றர் ஆணிக்கு 10 மில்லிமீற்றர்த் துளை. ஓரத்திலிருந்து 20 மில்லிமீற்றர்.
5. இறுக்கிப் பூட்டாதீர்; தகடு விரிய இடம் விடுவீர்.
6. பாதுகாப்புச் சட்டத்திற் துளையிடாதீர்.
7. வெளியேற ஒரு வழி எப்போதும் இருக்கட்டும்.
8. நீர் ஊற்றிய பின்னரே துடைப்பீர்.

கண்ணாடி ஏற்கெனவே உடைந்து வயலில் வீழ்ந்திருப்பின், அடுத்த உழவுக்கு முன் நீரை வடித்து, மண் காய்ந்த பின் அவ்விடத்தை அடையாளமிட்டு, பாதணியும் தடித்த கையுறையும் அணிந்து துண்டுகளைப் பொறுக்கியெடுத்தல் கமக்காரரின் முதற் கடமையாகும். அரை நாள் வேலையால் அவ்வயலில் இறங்கும் பல பாதங்கள் காக்கப்படும்.